தே சி கோசோங் ரெண்டு, அப்புறம்…

சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் உணவங்காடி நிலையத்தில் அப்பாவுக்குத் தேத்தண்ணிக் கடை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசை தூண் வரைக்கும் நிற்கும். ஆர்டர் இப்படி வரும்:

“கோப்பி ஓ கோசோங் ஒண்ணு, தே சி சியூ தாய் ரெண்டு, தே ஹலியா காவ் ஒண்ணு, மைலோ பெங் ஒண்ணு தாபாவ்.”

எல்லாம் ஒரே மூச்சில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தே என்றால் தேத்தண்ணி. ஓ என்றால் பால் கிடையாது. சி என்றால் சீனி போடாத டின் பால். கோசோங் என்றால் சீனியே வேண்டாம், சியூ தாய் என்றால் சீனி கம்மி. ஹலியா இஞ்சி. காவ் என்றால் சாயம் தூக்கலாக, பெங் என்றால் ஐஸ், தாபாவ் என்றால் பொட்டலம். மலாயும் சீன வட்டார மொழிகளும் கலந்த இந்தச் சுருக்கெழுத்து எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே அத்துப்படி. சனி, ஞாயிறுகளில் முன்னால் நின்று ஆர்டர் வாங்கிப் பின்னால் கொதிகலன் பக்கம் திரும்பிக் கூவுவது என் வேலை. அப்பா எதையும் எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. நாலைந்து பேருடைய ஆர்டரைத் தலையில் வைத்துக்கொண்டே ஆறாவது ஆளுக்கு மீதிச் சில்லறை கொடுப்பேன். படிப்பில் நான் சுமார்தான். இது ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

2018 கடைசியில் ஒரு சனிக்கிழமை, வாராவாரம் வரும் சீன அங்கிள் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். தே சி வரைக்கும் சரியாக வந்தது. அதற்கப்புறம் அவர் வாய் அசைவது தெரிகிறது, சத்தமும் கேட்கிறது, சொற்கள் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. முதல் சொல்லை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதற்குள் பின்னால் நாலு பேர் வந்து நிற்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு திரும்பியும் போய்விட்டார்கள். இதைவிடச் சரியாக என்னால் விளக்க முடியாது. மறுபடி சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவையும் பாதிதான் உள்ளே வந்தது. “கேர்ள், இன்னும் தூங்கி எழுந்திரிக்கலையா?” என்று சிரித்தார் அங்கிள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது 36 வயது. பையனுக்கு ஆறு வயது, வாரநாளில் ஆபீஸ், தூக்கம் கம்மி. சிரிக்காமல் என்ன செய்வது?

இரண்டு மூன்று மாதம் கழித்து, 2019 சீனப் புத்தாண்டு சமயத்தில் வலது கண்ணை உருட்டினால் வலித்தது. வீட்டுக்குக் கீழே கட்டியிருந்த சிவப்புத் தோரணத்தை இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரொம்ப நாள் வெயிலில் கிடந்த துணி மாதிரி வெளுத்திருந்தது. கண் நரம்பு அழற்சி என்றார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நம் பக்கத்து நாடுகளில் இதே மாதிரி கண்ணைத் தாக்கும் இன்னொரு நோய், என்.எம்.ஓ., இருக்கிறது. 2004-இல் அதற்கென ஒரு எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதால் ரத்தத்திலேயே தேடிப் பார்க்கலாம். எனக்கு அது இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முடிவானது. சுருக்கமாக எம்.எஸ்.

பூமத்திய ரேகையிலிருந்து விலகி வடக்கேயும் தெற்கேயும் போகப் போக அதிகமாகக் காணப்படும் நோய் இது. சிங்கப்பூர் இருப்பதோ ரேகைக்கு ஒன்றரைப் பாகைகூட மேலே இல்லை. அதனால் இங்கே அபூர்வம். சொந்தக்காரர்களிடம் பெயரைச் சொன்னால், “எலும்பு தேய்மானமா?” என்று கேட்டார்கள். தமிழில் என்ன என்று தேடினேன். தண்டுவட மரப்பு நோய் என்று ஒரு மொழிபெயர்ப்பு புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நோய் தாக்குவது தண்டுவடத்தை மட்டுமில்லை, மூளையையும்தான். பெயர் வைத்தவர் மூளையை விட்டுவிட்டார். பார்க்கப் போனால், தமிழில் மட்டும் நடந்த விடுபடல் இல்லை இது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கண் ஆறு வாரத்தில் தெளிந்துவிட்டது. கால் கை நன்றாக இருந்தன. டாக்டர் சோதித்துவிட்டு, லேசான நிலைதான், சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், அதிர்ஷ்டம் என்றார். மாத்திரை தொடங்கினார். எல்லோரும் நிம்மதியானார்கள். நானும்தான்.

ஆபீசில் மட்டும் ஏதோ சரியில்லை.

கப்பல் சரக்கு ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. கொள்கலன் எண்ணைப் பார்த்திருப்பீர்கள்: நாலு எழுத்து, 7 இலக்கம். அதில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முன்னால் இருக்கும் பத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அது வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ பிசகு, கணினி சிவப்பாகக் காட்டிவிடும். அந்தப் பதினொன்றையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு திரையைப் பார்க்காமலே தட்டுவேன். பதினான்கு வருடப் பழக்கம். 2019-இல் பார்த்தால், நாலு எழுத்தைத் தட்டிவிட்டுத் தாளைப் பார்க்கிறேன். மூன்று இலக்கம் தட்டிவிட்டு மறுபடி தாளைப் பார்க்கிறேன். கடைசியில் ஒருமுறை முழுசாகச் சரிபார்க்கிறேன். திரை சிவப்பாகவே இல்லை. ஒரு ஆவணம்கூடத் தப்பாகப் போகவில்லை. ஆனால் ஒரு நாளில் அறுபது முடிக்கிறவள் நாற்பதில் நின்றேன். மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த நாற்பதும் இழுபறி. வருட மதிப்பீட்டில் மேலதிகாரி இரண்டு வரி எழுதினார்: வேலையில் துல்லியம் மெச்சத்தக்கது, வேகம் குறைந்திருக்கிறது, ஊக்கம் தேவை.

ஊக்கம் என்ற சொல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இரண்டு வரி அளவுக்குச் சரியாக என் நோயை அதுவரை எந்த டாக்டரும் விவரித்ததில்லை என்பது பின்னாடிதான் புரிந்தது.

நரம்பைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்புறை இருக்கிறது. எம்.எஸ். வந்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு அணுக்களே அதைப் பிய்த்து எடுக்கின்றன. உறை இருக்கும் நரம்பில் செய்தி தாவித் தாவிப் போகும், உறை போன இடத்தில் தவழ்ந்துதான் போகும், சில சமயம் நின்றேவிடும். உள்ளே இருக்கும் இழையும் கொஞ்சம் கொஞ்சமாக அடிபடும். மூளையின் நடுவில் தாலமஸ் என்று ஒரு சந்திப்பு, நம் தோபி காட் நிலையம் மாதிரி பல தடங்கள் கூடுகிற இடம். இந்த நோயில் அது ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குகிறது. ரயில் ரத்தாகவில்லை, கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும் என்று அறிவிப்பு வருமே, அதுதான் என் நிலைமை. போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறேன். அதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது.

இதை அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் சொன்னேன். எந்த மருத்துவமனை, யார் என்பதெல்லாம் வேண்டாம். நல்ல மனிதர்தான், கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவர். ஒரு தாளை எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். இன்று என்ன கிழமை? இது எந்த நாடு? எத்தனாவது மாடியில் இருக்கிறோம்? மூன்று சொல் சொல்வேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். எல்லாம் சொன்னேன். 30-க்கு 30. “பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்ல. வேலை அழுத்தம்தான். இந்தக் காலத்துல எல்லாருக்கும் இருக்கு.” முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அழுதபடி வெளியே வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தாள் 1975-இல் வந்தது, பெரும்பாலும் முதியவர்களின் மறதி நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுவது. அதில் அவசரமே கிடையாது, ஆற அமர யோசித்துச் சொல்லலாம். ஆற அமர யோசிக்க நேரம் கொடுத்தால் நான் இன்றைக்கும் 30 வாங்குவேன். என் பிரச்சினையே அந்த நேரம்தான். எடைபோடும் தராசை எடுத்துக்கொண்டு வந்து துணியை அளந்தால் என்ன தெரியும்?

நான் தமிழ்ப் பெயரைக் குறை சொன்னேன் அல்லவா, இப்போது அதைச் சொல்கிறேன். இந்த நோயை 1868-இல் பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் தெளிவாக வரையறுத்தவர் ஷார்கோ. நினைவு வெகுவாகத் தளர்கிறது, எண்ணங்கள் மெதுவாகத்தான் உருவாகின்றன என்று அவரே தம் விரிவுரைகளில் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எம்.எஸ். என்றால் நடை, கண், சிறுநீர். புத்தி தடுமாறுவது எப்போதாவது, அதுவும் முற்றிய நிலையில் என்றே பாடம் நடத்தினார்கள். 1991-இல் ஸ்டீபன் ராவ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை விட்டுவிட்டு ஊருக்குள் சாதாரணமாக வாழும் நோயாளிகள் 100 பேரையும் நோயில்லாதவர்கள் 100 பேரையும் உட்கார வைத்துச் சோதித்தது. 43 விழுக்காட்டினருக்குச் சிந்தனைத் திறனில் பாதிப்பு இருக்கலாம் என்ற கணக்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளும் 40 முதல் 65 விழுக்காடு என்றே சொல்கின்றன. முதல் தாக்குதலோடு வந்து நிற்பவர்களில்கூடச் சிலருக்கு இது இருக்கிறது. ஆக, அந்தச் சனிக்கிழமை அங்கிளின் ஆர்டர் நழுவியது கண் வலி வருவதற்கு முன்னாலேயே நோய் அடித்த மணியாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, அதற்கு முந்தைய அளவு எதுவும் என்னிடம் இல்லையே.

அளவு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் இந்த நோயின் தீவிரத்தைக் குறிக்கும் அளவுகோல் இ.டி.எஸ்.எஸ்., அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கர்ட்ஸ்கி 1983-இல் இப்போதைய வடிவத்தில் வெளியிட்டது. பூஜ்யத்திலிருந்து 10 வரை. நாலுக்கு மேலே போனால் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள், கைத்தடி வேண்டுமா என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. நான் நன்றாக நடக்கிறேன், அதனால் 1.5. லேசான நிலை. நம் ஊர்க் கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் பிறந்தவள் என்பதால் 2020-இல் நானும் தானாகவே அதில் சேர்க்கப்பட்டேன். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றைச் சொந்தமாகச் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் ஆறையும் செய்துகொண்டே ஒருத்தி வேலையை இழக்க முடியும்.

சரி, டாக்டரை மாற்றினேன். புதிய டாக்டரம்மா நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே பெரிய விஷயம். முதலில் தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் பார்த்தார். தூக்கத்தைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார், ஏனென்றால் அவையும் மூளையை மந்தமாக்கும். என் தூக்கம் கெட்டிருந்தது உண்மை, அதற்கும் வழி செய்தார். அப்புறம் நரம்பியல் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். 2021 மார்ச்.

அங்கே வைத்த சோதனைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தாளின் உச்சியில் ஒன்பது அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஓர் எண். அதற்குக் கீழே வரிசை வரிசையாக அதே அடையாளங்கள் மாறி மாறி, எண்கள் இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். 90 வினாடி. அடையாளங்கள் எப்படி இருக்கும் என்று இங்கே எழுதமாட்டேன், நாளைக்கு உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது கெட்டுவிடும். எஸ்.டி.எம்.டி. என்று பெயர். எம்.எஸ். நோயாளிகளின் சிந்தனை வேகத்தைப் பார்க்க இதைவிடக் கைக்கடக்கமான சோதனை இன்னும் வரவில்லை என்கிறார்கள்.

நாலைந்து அடையாளம் போவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம்ம கடை! இந்த அடையாளம் என்றால் 4, கோசோங் என்றால் சீனி இல்லை. குறியீட்டைப் பார், பொருளைச் சொல், அடுத்ததுக்குப் போ. இருபத்தைந்து வருடமாக நான் செய்த வேலை. ஐந்தாவது வரிசையைத் தொடவே இல்லை, அந்த அம்மா நிறுத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டார். 37. சொன்ன 37-இல் ஒன்றுகூடத் தப்பில்லை. என் வயதுக்கும் படிப்புக்கும் அது குறைவு என்றார். இன்னொரு சோதனையில் பதினாறு சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். முதல் தடவை மோசம். ஐந்தாவது தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் ஒன்றிரண்டு தவிர எல்லாம் இருந்தது.

“உங்களுக்கு மறதி இல்லை. உள்ளே ஏற கூடுதல் முறை தேவைப்படுகிறது. ஏறியது அங்கேயே இருக்கிறது” என்றார். நான் அந்தத் தாளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஏதோ இருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதில் அப்படியொரு சந்தோஷம். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

வீட்டில் இதை விளங்கவைப்பது சோதனையைவிடக் கஷ்டம். அம்மா மறதி என்றே எடுத்துக்கொண்டார். ஈரச்சந்தையில் மலாய்க்காரர்கள் பெகாகா என்று விற்கிற வல்லாரையைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து துவையல் அரைத்தார். நன்றாகத்தான் இருந்தது, இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டேன். மாமியார், அத்தை என்று கூப்பிடுவேன், “கல்யாணமாகி வந்தப்ப எவ்ளோ சுறுசுறுப்பு, யாரு கண்ணு பட்டுச்சோ” என்று வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிப் போட்டார். வீட்டுக்காரர் வேறு ரகம். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் ஒரு சொல்லுக்காக நின்றால் அவர் முடித்துவைப்பார். அன்பில்தான் செய்தார். ஆனால் நான் சொல்லவந்தது அதுவாக இருக்காது. நான் இல்லை என்று மறுத்து, சரியான சொல்லைத் தேடுவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். ஒரு நாள் கத்திவிட்டேன்: “நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேங்க, செத்துப்போகல!” ரொம்பக் கடுமையான பேச்சு. அதற்கப்புறம் அவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொள்வதைப் பார்க்கிறேன். அதைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருக்கிறது. பையன் மட்டும் எந்தச் சங்கடமும் இல்லாமல் விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றி, “அம்மா லோடிங்” என்பான்.

தீபாவளிதான் கஷ்டம். பன்னிரண்டு பேர் ஒரே கூடத்தில், தொலைக்காட்சி ஓடுகிறது, முறுக்கு நொறுங்குகிறது, பேச்சு சின்ன மாமா வாங்கப்போகும் வீட்டிலிருந்து தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வுக்குத் தாவி, அங்கிருந்து தேக்காவில் ஆட்டுக்கறி விலைக்குப் போகிறது. வீட்டைப் பற்றி நல்லதாக ஒன்று எனக்குத் தோன்றும்போது கறிவிலை ஓடிக்கொண்டிருக்கும். சிரிப்புக்கும் அதே கதி. எல்லோரும் சிரித்து முடித்த அமைதியில் என் சிரிப்பு மட்டும் தனியாக விழும். கொஞ்ச நாளில் பேசாமல் உட்காரப் பழகிவிட்டேன். “இவ இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டா” என்றார்கள். சிலர் அதைப் பக்குவம் என்றுகூட நினைத்தார்கள்.

கடைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். அதற்குச் சூடும் ஒரு காரணம். 1890-இல் வில்ஹெல்ம் ஊத்தொஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், இந்த நோயாளிகள் உடற்பயிற்சி செய்தால் பார்வை மங்குவதைக் கவனித்தார். பின்னால்தான் தெரிந்தது, காரணம் உடல் சூடு என்று. உறை கழன்ற நரம்பில் சூடு அரைப் பாகை கூடினாலே செய்தி தடைபடும். குளிர்ந்தால் பழையபடி ஓடும், நிரந்தரச் சேதம் கிடையாது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி வருகிறதா என்று பார்ப்பார்களாம். இங்கே தனியாகத் தொட்டி எதற்கு? ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் போதும். கொதிகலனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் நான் அத்தனை வருடம் ஆர்டர் வாங்கியிருக்கிறேன். ஆபீஸ் குளிர்சாதனத்தில் 40 ஆவணம் முடிக்கிற மூளை அங்கே நாலு கோப்பியைத் தாங்கவில்லை.

இந்த மந்தத்துக்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்துக்கு மாறியிருக்கிறேன். அது புதிய தழும்புகள் விழாமல் தடுப்பதற்கு. எஸ்.டி.எம்.டி.யை வருடத்துக்கு ஒருமுறையாவது வைக்கவேண்டும் என்று 2018-இல் வந்த பரிந்துரைகள் சொல்கின்றன. நாலு மதிப்பெண் இறங்கினாலே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 37, அடுத்த வருடம் 41, அப்புறம் 40. தொடங்கும்போதே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால் எங்கிருந்து இறங்கினேன் என்று தெரிந்திருக்கும். இந்த நோய் இப்போதுதான் என்று சொல்லப்பட்ட யாராவது இதைப் படித்தால், நன்றாக இருக்கும்போதே அந்த 90 வினாடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் கொஞ்சம் பிடிவாதம் பிடியுங்கள்.

ஆபீசில் மேலதிகாரியிடம் அறிக்கையைக் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று இரண்டு மாதம் தூங்கவில்லை. அவர் படித்துவிட்டு, “அப்ப துல்லியம் கெடல, அதானே?” என்றார். எண்ணிக்கை கேட்கும் மேசையிலிருந்து மற்றவர்கள் தயாரித்த ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார். கடினமானவற்றைக் காலையிலேயே முடிக்கிறேன். தொலைபேசியில் பேசிக்கொண்டே தட்டச்சு செய்வதில்லை. சம்பளம் கொஞ்சம் குறைவு. எல்லா மேலதிகாரியும் இப்படி நடப்பார் என்று சொல்லமாட்டேன்.

போன நவம்பரில் அப்பாவின் உதவியாளுக்குக் காய்ச்சல். அம்மாவுக்கு முட்டிவலி. மழைக்காலம், காற்று குளிர்ச்சியாக இருந்தது. நானே வருகிறேன் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கொதிகலன் பக்கம் திருப்பி வைத்திருந்த மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். பழைய ஃபோர் டி லாட்டரிச் சீட்டுகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன், பின்பக்கத்தில் எழுத. முப்பது வருடக் கடையில் முதல்முதலாகப் பேனா. எழுதும்போது வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று.

கூட்டம் குறைந்ததும் கேட்டேன். “எப்படிப்பா, இத்தன வருஷமா எழுதாமலே? எனக்குத் தலை கெட்டுப்போனப்பதான் தெரியுது அது எவ்ளோ பெரிய வேலைன்னு.”

அப்பா துணி வடிகட்டியை அலசிக்கொண்டிருந்தார். “யாரு தலையில வச்சிருந்தா?” என்றார். “நீ வச்சிருந்த, பாப்பா. நான் எங்க வச்சேன்?”

கையைத் துடைத்துக்கொண்டு மேடையைக் காட்டினார். நாலு கப்புகள் வரிசையாக. ஒன்றில் கைப்பிடி சுவரைப் பார்த்து இருந்தது. கோசோங். இன்னொன்றில் ஸ்பூன் சாசரில் குப்புறக் கிடந்தது. சீனி கம்மி. மூன்றாவதன் சாசருக்கடியில் டின் மூடி. சி. நான் முன்னால் நின்று கூவக் கூவ, முதுகுக்குப் பின்னால் அவர் இதை அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

“இதை ஏம்ப்பா எனக்குச் சொல்லித்தரல?”

“நீதான் எல்லாத்தயும் டக்கு டக்குன்னு சொல்வியே. ஒனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

ஒரு மலாய்ப் பெண் கைக்குழந்தையோடு வந்தார். தே சி கோசோங் ரெண்டு, என்றார், அப்புறம்… குழந்தை அவர் தோளைக் கடித்தது, அவரும் நிறுத்தினார். நான் இரண்டு கப்பை எடுத்து டின் மூடிகளின் மேல் வைத்து, கைப்பிடிகளைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு, அவரைப் பார்த்தேன்.